எரவாணத்துப் பூளைப்பூ

ஏனுங்க,

இன்று சூலூர் பஸ்ஸில் ஏறியதுமே அந்த வாசம் முகத்தில் அடித்தது. வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்ந்த பச்சை வாசம். போகி அல்லவா, வீட்டு வாசலில் கட்ட ஆளாளுக்கு மடியில் ஒரு காப்புக்கட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தன் கட்டை என்னிடம் நீட்டி, "கொஞ்சம் புடிச்சுக்கோங்க அம்மணி, சில்லறை எடுக்கோணும்" என்றார். வாங்கிக்கொண்டேன். பஞ்சைக் கிள்ளிக் கிள்ளிக் குச்சியில் ஒட்டிவைத்தாற்போல வெள்ளைப் பூ. "உங்க ஊட்ல காப்புக் கட்டியாச்சுங்ளா?" என்று கேட்டார். சாவு விழுந்த வீடு, இந்த வருடம் எங்களுக்குப் பொங்கல் நோம்பி இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "இனிமேத்தானுங்க போய்க் கட்டோணும்" என்று பொய் சொல்லிவிட்டு, நம் நிறுத்தத்துக்கு முன்பே இறங்கி நடந்து வந்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து உங்களை ஏனுங்க என்றுதான் கூப்பிட்டேன். இப்போதும் அடுப்படியிலிருந்து அந்தச் சொல் தானாக வருகிறது. பதில் வராதபோது, தறிச் சத்தத்தில் காதில் விழவில்லை போல என்று நினைத்துக்கொள்கிறேன். தறி நின்று பல மாதமாகிவிட்டது என்பது அப்புறம்தான் உறைக்கிறது.

வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டுக்காட்டைச் சைட்டுப் போட்டு விற்றார்களே, அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? காப்புக்கட்ட நாம் பூளைப்பூ பறிக்கிற இடமெல்லாம் பொக்லைன் நின்றது. நீங்கள் அதை ஓட்டுகிற ஆளிடம் போய், "ஏனுங் தம்பி, ஒரு டீ குடிச்சுப்போட்டு வாங்களே" என்று நைசாக அனுப்பிவிட்டு, கடப்பாரையால் ஒரு செடியை வேரோடு நெம்பி எடுத்தீர்கள். ஊரே களையென்று பிடுங்கி எறிகிறதை, தறியில் மிஞ்சிய ஈரத் துணியில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தீர்கள். நான் வாசலில் நின்று சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ரோஜாச் செடி கேட்டு நான் நடையாய் நடந்தபோது வராத அக்கறை அது.

காம்பவுண்டுச் சுவரோரம் இருந்த நல்ல மண்ணை அள்ளிவிட்டுச் சரளைக் கல்லைக் கொட்டினீர்கள். நான் கூடை நிறைய எருவோடு வந்தேன். கையைக் குறுக்கே நீட்டி, "சரளைல பொறந்ததுக்குச் சோறு ஊட்டாதே அம்மணி. அதைய அது பாட்டுக்கு உட்டுப்போடோணும்" என்றீர்கள். நான் எதையாவது அது பாட்டுக்கு விட்டிருக்கிறேனா? கொதிக்கிற குழம்பைக்கூட நாலு முறை கிளறாமல் இருக்கத் தெரியாதவள்.

முதல் கோடையிலேயே செடி கருகி வெறும் குச்சியாக நின்றது. "செத்துப்போச்சுங்க உங்க செல்லப்புள்ள" என்று வந்து சொன்னேன். நீங்கள் குனிந்து அடித்தண்டை நகத்தால் கீறினீர்கள். உள்ளே பச்சை. "அடி வேர் இருக்குது. மழை வரட்டும்." அவ்வளவுதான் சொன்னீர்கள். ஐப்பசி மழைக்குத் துளிர்த்தது. மார்கழியில் குச்சி குச்சியாகப் பூத்தது. அதற்குப் பிறகு வருடா வருடம் நம் வாசல் பூதான் நம் வீட்டுக்குக் காப்பு. சந்தையில் விற்பவர்கள் வேரோடு பிடுங்குவார்கள். நீங்கள் தறிக் கத்தரியால் மேலாக நறுக்குவீர்கள். ஸ்டூலைப் போட்டு ஏறி, பாவு நூல் அறுந்தால் போடுகிற அதே முடிச்சைப் போட்டு, வாசலுக்கு மேலே கூரை ஓடு முடிகிற எரவாணத்தில் கட்டுவீர்கள்.

போன போகிக்கும் கட்டினீர்கள். இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டு, "ஆச்சு, இனி ஒரு வருசத்துக்கு எதும் உள்ள வராது" என்றீர்கள். மாசியில், தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். காப்புக் கட்டிய வீடுங்க. வாசலுக்கும் கட்டினீர்கள், தறிக் கொட்டகைக்கும் கட்டினீர்கள். பிறகு எந்த வழியாக வந்தது? யாரிடம் போய் இதைக் கேட்பேன்? சாமி படத்துக்கு முன்னால் நின்று கேட்டும் பார்த்துவிட்டேன்.

அந்தக் கோடையில் செடி வழக்கம்போலக் காய்ந்தது. வழக்கம்தான், தெரியும். ஆனால் இந்த வீட்டில் இன்னொன்றும் காய்வதைப் பார்க்க என்னால் முடியவில்லை. காலையில் ஊற்றினேன், மாலையில் ஊற்றினேன். அரிசி கழுவிய தண்ணீர், எரு, யாரோ சொன்ன புண்ணாக்குக் கரைசல் எல்லாம் ஊற்றினேன். நகத்தால் கீறிக் கீறிப் பார்த்தேன். பச்சை இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் ஒரு குடம் ஊற்றினேன். ஐப்பசியில் நல்ல மழை. துளிர் வரவில்லை. லேசாகத் தொட்டதற்கே செடி முழுசாகக் கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து, சேற்று நாற்றம் அடித்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, உங்களைத் தூக்கிப்போன அன்று அழாத அழுகையெல்லாம் அந்தச் சுவரோரம் உட்கார்ந்து அழுதேன்.

அவிநாசி ரோட்டு நர்சரியில் போய்ப் பூளைச்செடி கேட்டேன். "அது களையாச்சுங்ளே அக்கா, அதைய ஆருங்க விப்பாங்க?" என்று சிரித்தார்கள். பெருந்துறையிலிருந்து மகள் போனில், "அழுவாதீங்ம்மா, இங்க ரோட்டோரம் எத்தன வேணாலும் கெடக்குது. வாரப்ப புடுங்கியாறேன்" என்றாள். "உங்கப்பன் நட்டது ரோட்டோரம் கெடக்குதாடி?" என்று கத்தி போனை வைத்துவிட்டேன். பாவம், அவளுக்கும் அப்பன் போன துக்கம்தானே. திரும்ப நானே கூப்பிட்டேன். எடுத்ததும் சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

அடி வேர் இருந்தால் போதும் என்று சொன்னீர்கள். அடி வேரும் அழுகிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் போய்விட்டீர்களே.

பஸ்ஸிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமல் எரவாணத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். புதுக் காப்புக் கட்டும்போதுதான் பழையதை அவிழ்த்து எறிவோம். இந்த வருடம் புதுசு இல்லாததால் உங்கள் கட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அது நம் செடியின் பூ. அந்தப் பஞ்சுக்குள் மிளகைவிடப் பொடிசாகக் கறுப்பு விதை இருக்கும். இந்த உலகத்தில் அந்தச் செடியில் மிச்சம் இருப்பது அது மட்டும்தான். நீங்கள் கடைசியாகப் போட்ட முடிச்சும் அதுதான். அதைத் தொடவும் மனமில்லை, தொடாமல் இருக்கவும் முடியவில்லை.

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். ஒரே ஒரு குச்சியை உருவிக்கொண்டு, மற்றதை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். பச்சையில் இறுக்கிக் கட்டியது அல்லவா, ஒரு வருட வெயிலில் சுருங்கிப்போயிருக்கிறது. ஒன்றை இழுத்தேன், பூளைக்குச்சி மொத்தமும் சரிந்து வந்துவிட்டது. பாதிப் பஞ்சு காற்றில் போயிற்று. மிச்சத்தை எட்டிப் பிடித்தேன். மேலே உங்கள் முடிச்சு மட்டும் அவிழாமல் இருக்கிறது. அதற்குள் இரண்டு வேப்பங்குச்சி.

பிடித்த பிடியோடு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பறந்துவிடக் கூடாதென்று ஃபேனையும் நிறுத்திவிட்டேன். வலது கையில் பேனா. இடது கையை இன்னும் திறக்கவில்லை. உள்ளே விதை இருக்கிறதா, வெறும் பஞ்சா, இருந்தாலும் முளைக்குமா, ஒன்றும் தெரியாது. திறந்து பார்க்கப் பயமாக இருக்கிறதுங்க. வெளியே உங்கள் சரளைக் கல் அப்படியே கிடக்கிறது. எழுந்து போய், அதில் இதைத் தூவிவிட்டு, தண்ணீர் ஊற்றாமல் திரும்பி வர வேண்டும். அந்தக் கடைசி ஒன்று மட்டும்தான் என்னால் முடியுமா என்று தெரியவில்லை.