வேலிக்கு ரெண்டு கேட்

டயானா அப்பாவுக்கு,

மேலூர் சந்தைக்குப் போறேன். வேலியில உங்க அண்ணன் வீட்டுப் பக்கம் ஒரு வழி விடச் சொன்னதுக்கு ரெண்டு நாளா எங்கிட்டப் பேச்சில்லை. அதான் எழுதி வச்சிருக்கேன். இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. கோவத்தை அதுமேல காட்டாதீங்க.

பத்து மணிக்கு முத்திருளாண்டி மேஸ்திரி வேலிக்குக் கல்லுக்கால் ஏத்திக்கிட்டு வாராரு. நீங்க வரைஞ்ச பிளானைப் பார்த்தேன். கணக்கு வாத்தியாருன்னா சும்மாவா! வீட்டோட சேர்த்து நாலு ஏக்கரைச் சுத்தி எட்டடிக்கு ஒரு கால், வேப்பமரம்கூட அளவோட நிக்குது. கேட்டைத்தான் எங்கயும் காணோம். அண்ணனை அடைக்கிற வேகத்துல ரோட்டையும் சேர்த்து அடைச்சிட்டீங்க. கம்பி கட்டி முடிச்சா, காய்கறிப் பையோட நான் எது வழியா உள்ள வாரது?

பென்சிலால ரெண்டு கேட் போட்டிருக்கேன். பெருசு ரோட்டுப் பக்கம். சிறுசு உங்க அண்ணன் வீட்டுப் பக்கம். அண்ணனும் தம்பியும் பேசாட்டிப் போங்க. எனக்கும் உங்க மதினிக்கும் குழம்புக் கிண்ணம் போய்வர வழி வேணும்.

பிலோமி

மேஸ்திரிக்குக் காப்பியில சீனி போட்றாதீங்க, அவருக்கு சுகர்.

இன்னொன்னு. அடிச்சுத் திருத்துனா அஞ்சு மார்க் குறைக்கிற ஆளு நீங்க. ரப்பர் எங்கூட சந்தைக்கு வருது.