சி பேசிங் வீடு

யேசுதாசன்,
பி பிளாக், இரண்டாம் மாடி,
சி பிளாக் எதிரில், அஸ்தினாபுரம்.
6.5.2024

என் கண்ணான மருமகள் பியூலாவுக்கு,

மாமன் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் எழில் அத்தையும் சௌக்கியம். போனில் பேசலாம்தான். ஆனால் போனில் அக்கா என்னைப் பேசவிடாது. கடிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது பார்.

குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் உனக்குக் கண் பரிசோதிக்கிற வேலை கிடைத்ததைக் கேட்டு, திருமுடிவாக்கம் கம்பெனியில் ஐம்பது பேருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். (முப்பது இருக்கும்.) அங்கே ஸ்டோர் என் பொறுப்பு. என் கையெழுத்து இல்லாமல் ஒரு நட்டு வெளியே போகாது.

சென்னையில் எங்கே தங்குவது என்று நீ குழம்பவே வேண்டாம். நம் வீடு சி பேசிங், கடலைப் பார்த்த வீடு. ஜன்னலைத் திறந்தால் காற்று ஆளைத் தூக்கும். இருட்டினால் கப்பல் விளக்கு தெரியும். அலைச் சத்தத்தில் உன் அத்தை டி.வி.யைக் கூட்டி வைத்துத்தான் சீரியல் பார்ப்பாள். எப்போது வேண்டுமானாலும் வா. சொல்லாமலே வா.

உன் தாய்மாமன்,
யேசுதாசன்

திண்டுக்கல்,
10.5.2024

அன்புள்ள மாமா,

நாங்கள் நலம். உங்கள் கடிதத்தை அம்மா படித்த சத்தம் பக்கத்துத் தெரு வரை கேட்டது. அதிலிருந்து ஒரே பிடிவாதம். "தம்பி வீடுன்னா போ. ஹாஸ்டல் கீஸ்டல்னா வேலையே வேணாம். இங்கயே நர்சரி ஸ்கூல்ல ஏ பி சி டி சொல்லிக்குடு" என்கிறாள்.

ஜூன் பத்தாம் தேதி சேர வேண்டும் மாமா. இந்த வேலைக்காக நாலு வருஷம் படித்தேன். அதனால் உங்கள் வீட்டுக்கே வருகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். போன் மேப்பில் பார்த்தேன். கடல் உங்கள் வீட்டிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதே?

பியூலா

யேசுதாசன்,
சி பிளாக் எதிரில், அஸ்தினாபுரம்.
14.5.2024

அன்பு மருமகளுக்கு,

மேப்பை நம்பாதே. அது ஆகாயத்திலிருந்து எடுத்தது. அதற்கு நம் தெருக் குழாய்கூடத் தெரியாது.

ஆனால் கண்ணு, நீ நேரே இங்கேயே வருவாய் என்று மாமன் நினைக்கவில்லை. வரக்கூடாது என்று இல்லை. கடல் ரொம்பப் பக்கம், அதுதான் கவலை. உப்புக்காற்றில் என் சைக்கிளே கரைந்துவிட்டது. மணி மட்டும் மிச்சம். உன் தலைமுடி என்னாவது?

வேறு இடம் சொல்கிறேன் கேள். திருவான்மியூரில் நல்ல ஹாஸ்டல் உண்டு. ஆனால் விடிந்ததும் அங்கே எல்லாரும் ஓடுகிறார்கள். யார் துரத்துகிறார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. வேளச்சேரி பெரிய கடைகள் உள்ள ஊர். ஐப்பசி வந்தால் படகு வேண்டும், எனக்குத் தெரிந்த படகுக்காரர் இருக்கிறார். கிழக்குத் தாம்பரத்தில் ரயில் கூப்பிடு தூரம். அது உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், அதுதான் தொல்லை. அனகாபுத்தூரில் உன் அத்தையின் பிறந்த வீடு இருக்கிறது. அங்கே வேண்டாம். என் மாமியார் இருக்கிறார்.

நிதானமாக யோசி.

உன் நலம் நாடும்,
மாமன்

திண்டுக்கல்,
18.5.2024

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைக் கேட்டு அம்மா பயப்படுவாள் என்று நினைத்தேன். நடந்தது வேறு. "சைக்கிளையே கரைக்கிற தண்ணி என் முட்டிவலியைக் கரைக்காதா?" என்றாள். அவளும் பத்து நாள் தங்க வருகிறாள். உங்கள் வாசலில் நாற்காலி போட்டு, கடலில் காலை விட்டுக்கொண்டு உட்காருவாளாம். அலை எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டு எழுதச் சொன்னாள்.

இரண்டாம் மாடிக்கு அலை எப்படி வரும் என்று நான் கேட்கவில்லை.

ஒன்பதாம் தேதி தாம்பரத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று.

பியூலா

யேசுதாசன்,
சி பிளாக் எதிரில், அஸ்தினாபுரம்.
23.5.2024

அன்பு பியூலா,

மனதைத் தேற்றிக்கொண்டு படி. நமக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கட்டடம் எழும்பிவிட்டது. மூன்று மாடி. ஒரே வாரத்தில். இப்போது கடல் அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம்.

நான் சும்மா இருப்பேனா? பெரிய அதிகாரியிடமே போனேன். "யேசுதாசன் சார், உங்களுக்காக இப்பவே இடிப்பேன். ஆனா உள்ள நாப்பது குடும்பம் இருக்கே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டார். (தூசியாகவும் இருக்கலாம்.)

ஆகவே அக்காவை அடுத்த வருஷம் வரச் சொல். நீ திருவான்மியூரையே பார்த்துக்கொள். ஓட்டப் பழகிவிட்டால் உடம்புக்கும் நல்லது.

வருத்தத்துடன்,
மாமன்

திண்டுக்கல்,
27.5.2024

அன்புள்ள மாமா,

சனிக்கிழமை சான்றிதழ் சரிபார்க்க குரோம்பேட்டை வந்திருந்தேன். சொல்லாமலே வரலாம் என்று எழுதியிருந்தீர்களே, மதியம் உங்கள் வீட்டுக்கும் வந்தேன். நீங்கள் கம்பெனியில் இருந்தீர்கள்.

அத்தை என்னைப் பார்த்ததும், "அருள்மேரி அண்ணி பொண்ணா? வா கண்ணு. கடல் பாக்கத்தானே வந்தே? தோ, நல்லா பாத்துக்கோ" என்று ஜன்னலைத் திறந்தார்.

எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கு நீலப் பெயின்டில் ஓர் ஆங்கில எழுத்து. சி. அதன்மேல் யாருடைய வேட்டியோ காய்ந்துகொண்டிருந்தது.

"போன வாரம் கட்டினதா அத்தை?"

"இன்னாது? நாங்க வர்றதுக்கு முன்னாலேர்ந்தே கீது."

பிறகு உள் அறையைக் காட்டினார். புதுக் கட்டில், பச்சைத் திரை, படிக்க ஒரு விளக்கு. "ஒரு வாரமா ஆணி அடிச்சிக்கினே கீறாரு. அங்க வராதேன்னு லெட்டர் எழுதறாரு, இங்க கட்டில் வாங்கிக்கினு வராரு. இந்த ஆளோட ஒரே பேஜாரு" என்றார்.

கட்டடம் எழும்பிய கடிதத்தை அம்மாவுக்குக் காட்டவில்லை, இதையும் இன்னும் சொல்லவில்லை. தெரிந்தால், ‘கடலையே புளுகினவன் என் பொண்ணை எப்படிப் பாத்துக்குவான்’ என்று என் வேலையை நிறுத்திவிடுவாள். சொல்லாவிட்டால் ஒன்பதாம் தேதி அவளே ஜன்னலைத் திறப்பாள். நான் என்ன செய்ய மாமா?

பியூலா

யேசுதாசன்,
சி பிளாக் எதிரில், அஸ்தினாபுரம்.
31.5.2024

பியூலா,

இந்தக் கடிதத்தில் அதிகாரி யாரும் வரமாட்டார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் புரோக்கர் தட்சிணாமூர்த்தி போனில், "பி பிளாக், சி பேசிங், காத்து நல்லா வரும்" என்றார். நான் எட்டாவதோடு நின்றவன். பேசிங் என்றால் எனக்குத் தெரிந்த சி கடல் ஒன்றுதான். அன்றைக்கே அக்காவுக்கு எழுதித் தபாலில் போட்டேன். மறுநாள் பெட்டியோடு வந்து ஜன்னலைத் திறந்தால், எதிரே அந்த எழுத்து நிற்கிறது. தபால்பெட்டிக்குள் கையை விட்டால் போட்ட லெட்டர் திரும்பி வருமா?

அக்காவிடமிருந்து பதில் வந்தது. ‘நம்ம குடும்பத்தில் கடலைப் பார்த்து வாழ்கிற முதல் ஆள் நீதான்’ என்று. அதற்கப்புறம் எப்படி இல்லை என்பது? ஓர் அலையை எழுதினேன். அது கப்பலைக் கொண்டுவந்தது.

நீ கண் பார்க்கிற வேலைக்கு வருகிறவள். என் பொய்யை மறைத்துக்கொண்டு வரக்கூடாது. உள்ளதை உள்ளபடி அக்காவுக்கு எழுதி இதே கவரில் வைத்திருக்கிறேன். கொடுத்துவிடு. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும், உன்னை வேலைக்கு அனுப்பட்டும் என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். (இரண்டு பக்கம்.)

மாமன்

திண்டுக்கல்,
4.6.2024

அன்புள்ள மாமா,

கொடுத்துவிட்டேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தாள். எழுந்து போய், பீரோவிலிருந்து உங்கள் பழைய கடிதங்களையெல்லாம் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"படிக்காத. மேல மட்டும் பாரு."

பார்த்தேன் மாமா. ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது: ‘சி பிளாக் எதிரில்’.

"பதினோரு வருஷமா நானும் இந்த விலாசத்துக்குத்தானே பதில் போடுறேன்? மூணாவது லெட்டர்லயே எனக்கு விளங்கிப்போச்சு. கடலை நிறுத்துடான்னா லெட்டரையும் நிறுத்திருவான்னு விட்டுட்டேன்."

"அப்ப அலை எத்தனை மணிக்கு வரும்னு கேக்கச் சொன்னது?"

"எப்படித் தப்பிக்கிறான்னு பாக்கத்தான்."

என் பெட்டியை அம்மாவே கட்டிவிட்டாள். ஒன்பதாம் தேதி காலை இரண்டு பேரும் இறங்குகிறோம். அம்மாவுக்கு ஒரே ஒரு விஷயம்தான் பிடிபடவில்லையாம். கப்பல் விளக்கு எது?

பியூலா

யேசுதாசன்,
சி பிளாக் எதிரில் (அக்காவுக்குத் தெரிந்த விலாசம்).
6.6.2024

அன்பு பியூலாவுக்கும் என் அக்காவுக்கும்,

சி பிளாக் தண்ணீர்த் தொட்டி மேலே ஒரு சிவப்பு லைட் இருக்கிறது. மழையில் பார்த்தால் ஆடும். அதுதான் கப்பல்.

ஞாயிறு காலை தாம்பரம் ஸ்டேஷனில் நிற்பேன். சாயங்காலம் நாலு பேரும் பஸ்ஸில் திருவான்மியூர் போகிறோம். அக்கா ஆசை தீரக் காலை நனைக்கட்டும். உட்கார இடம் கிடைக்குமா என்ற கவலையே வேண்டாம். அந்தக் கடற்கரையில் என்னைத் தெரியாத ஆள் கிடையாது. அக்காவுக்கென்று தனியாக ஒரு நாற்காலி ஏற்பாடு செய்துவிட்டேன்.

(நம் வீட்டு நாற்காலிதான். பஸ்ஸில் நான் பிடித்துக்கொள்கிறேன்.)

யேசுதாசன்