நாற்பத்திரண்டு மார்க் வித்தியாசம்

ரஞ்சன்காவ்
3.2.2025

பவுனுக்கு,

போனில் பேசினால் கத்துகிறேன் என்கிறாய். அதனால் எழுதுகிறேன். தங்கராஜ் அண்ணன் வீட்டில் நலமாக இருக்கிறேன். நீயும் மகள் தேஜஸ்வினியும் நலமாக இருங்கள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் இருபது கேள்வி. பஸ்ஸில் தனியாகப் போக முடியுமா, கோபத்தை அடக்க முடியுமா, சொன்ன வேலையை மறக்காமல் செய்ய முடியுமா. எனக்கு நானே நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டேன். பக்கத்து அறையில் அதே தாளில் நீ எனக்கு ஐம்பத்தாறு போட்டாய். டாக்டரம்மா ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, "தலையில அடிபட்டதுல என்ன மாறியிருக்குன்னு உங்களுக்கே தெரியல" என்றார். வித்தியாசம் வந்தால் தப்பு என்னுடையது என்று யார் தீர்மானித்தது? உன் தாள் ஏன் தப்பாக இருக்கக் கூடாது?

பதினாறு வருஷம் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிப்ட் ஓட்டியவன் நான். கம்பெனியில் டாக்டர் சான்றிதழ் கேட்கிறார்கள். பதினெட்டாம் தேதி மறுபடி தாள் தருவார்கள். மார்க்கைத் திருத்து. அதுவரை பிம்ப்ரி வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்.

ஜெயசீலன்

பிம்ப்ரி
8.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

எழுத்திலும் நன்றாகவே கத்துகிறீர்கள். மார்க்கைத் திருத்த மாட்டேன்.

நீங்கள் பைக்கிலிருந்து விழுந்து ஏழு மாதம் ஆகிறது. தீபாவளிக்கு மறுநாள் அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டுக் கடைக்குப் போனீர்கள். எண்ணெய் தீப்பிடித்து, அதை மூடப்போய் தேஜுவின் கை கொப்பளித்தது. கேட்டதற்கு, "நான் அடுப்பே பத்த வைக்கல" என்றீர்கள். பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பேன். நீங்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

இரண்டு டன் சரக்கோடு ரிவர்ஸ் வரும்போது பின்னால் ஒருவன் நின்றால்? அவன் பெண்டாட்டியிடம் நான் என்ன சொல்ல, புருஷன் கோபித்துக்கொண்டதால் மார்க்கைக் கூட்டிப் போட்டேன் என்றா?

நீங்கள் வராமலே இருந்தாலும் ஐம்பத்தாறுதான். என்மேல் நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் அண்ணனைப் போடச் சொல்லுங்கள். மாத்திரையை விடாதீர்கள். இட்லிப்பொடி அனுப்பியிருக்கிறேன்.

உங்கள்
பவுன்

ரஞ்சன்காவ்
21.2.2025

அன்புள்ள பவுனுக்கு,

அண்ணன் போட்டார். நாற்பத்தொன்பது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

டாக்டரம்மா இந்த முறை எட்டு வேலை எழுதிக் கொடுத்தார். எத்தனை முடிப்பீர்கள் என்றார். எட்டு என்றேன். முடித்த பிறகு கேட்டார். அப்போதும் எட்டு என்றேன். செய்யும்போது எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். ஐந்து. அதில் ஒரு வேலையாக, சீட்டை உறையில் போட்டு ஒட்டியது இன்னும் என் கைக்கு ஞாபகம் இருக்கிறது. வீடியோவில் அந்தச் சீட்டு மேஜையிலேயே கிடக்கிறது. நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன்.

தோற்றுவிட்டேன் என்று நினைக்காதே. உள்ளே எதுவும் குறைந்ததாக எனக்கு இப்போதும் தெரியவில்லை. தெரியாமல் போவதுதான் அந்த அடியின் வேலையாம். தெரியாததை நான் எப்படி ஒத்துக்கொள்வது? ஆனால் பின்னால் நிற்பவனைப் பற்றி நீ எழுதியதை மறுபடி மறுபடி படித்தேன். சான்றிதழ் வேண்டாம் என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அங்கேயே ஸ்டோரில் வேலை கேட்டிருக்கிறேன். நேற்று தேஜுவை போனில் கூப்பிட்டு, அடுப்பைப் பற்ற வைத்தது அப்பாதான் என்று சொன்னேன். ஞாபகம் வந்து சொல்லவில்லை. நீங்கள் இரண்டு பேரும் சொல்வதால் சொன்னேன். அவள், "எப்பப்பா வருவீங்க?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அடுத்த தாளிலும் எனக்கு நான் தொண்ணூற்றெட்டுதான் போடுவேன், யார் சொன்னாலும் சரி. நீ பார்த்ததை நீ போடு. ஒன்றுகூடக் கூட்டிப் போடாதே.

உன்
ஜெயசீலன்