இடது ஓரத்து இரண்டு தட்டுகள்

நீ துப்பாக்கியால் சுட்ட ஐந்து இரும்புத் தட்டுகளும் தொழிற்சாலைக் கிடங்கில் அப்படியே இருக்கின்றன. அதற்குப் பிறகு யாரும் அவற்றுக்குச் சாயம் அடிக்கவில்லை. இன்று காலை விளையாட்டு மன்றச் செயலாளர் தொலைபேசியில் இதை உறுதிப்படுத்தினார். போன வருடம் நனைந்த தட்டுகளைச் சாக்கில் சுற்றி வைத்தவர் அவர்தான். துரு ஏறியிருக்குமா என்று கேட்டேன். "பிரிச்சுப் பாத்தாதான் சார் தெரியும்" என்றார்.

போனை வைத்துவிட்டு அலமாரியிலிருந்து உன் தொப்பியை எடுத்தேன். தாம்பரம் நடைபாதையில் நீ வாங்கிய பழுப்புத் தொப்பி. உள்பட்டையில் இன்னும் நீ ஓட்டிய தொழிற்சாலை பஸ்ஸின் டீசல் வாடை. பங்குனியில் உன் காரியம் முடிந்த மறுநாள் உன் மனைவி கொடுத்தார். "அவுரு கூட சேந்து இத மாட்டிகினு ஆடுனது நீங்கதானே அண்ணா, நீங்களே வெச்சுக்குங்க."

ஆடியது ஒரே ஒரு நாள். தொழிற்சாலைக்கு வேலையாக வந்திருந்த வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவர், ஆயுத பூஜை விடுமுறையை ஒட்டி கௌபாய் துப்பாக்கிப் போட்டி வைத்தார். இந்தப் பக்கம் அப்படி ஒன்று நடந்து நான் கேள்விப்பட்டதில்லை. செய்தி எழுத வந்த என் பெயரையும் பட்டியலில் சேர்த்துவிட்டாய். ஆளுக்கொரு தொப்பியும் பட்டப்பெயரும் கட்டாயம். நீ ‘ஒரகடம் ஓநாய்’. எனக்கு ‘பேனாக்கத்தி’ என்று நீயே வைத்தாய். கையில் காற்று ரிவால்வர், எதிரே வெள்ளைச் சாயம் பூசிய ஐந்து தட்டுகள். இடமிருந்து வலமாக வரிசை தவறாமல் சுட வேண்டும், கடிகாரம் ஓடும், தவறிய ஒவ்வொரு தட்டுக்கும் ஐந்து விநாடி கூடும். குண்டு பட்ட இடத்தில் சாயம் பெயர்ந்துவிடும் என்பதால், ஒருவர் முடித்ததும் சாயத்தைப் புதுப்பிப்பார்கள். எனக்கு இரண்டுதான் பட்டது.

"இன்னா ரிப்போர்ட்டரே, காத்துகிட்ட பேட்டி எடுக்கிறியா?" என்று கத்தினாய். கொட்டகை முழுக்கச் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அன்று காலை சுங்குவார்சத்திரம் டீக்கடையில் நீ சொன்னது தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"இடது பக்கம் ஓரமா மங்கலா கீது பா. நாலு மாசமா."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனா ஓட்டாதேன்னு எழுதிக் குடுத்துடுவாரு. இன்னிக்கு இடது ஓரத்து ரெண்டு தட்டும் பட்டுச்சுன்னா வண்டிய எடுப்பேன். படலேன்னா திங்கக்கெழமை சாவிய குடுத்துடுவேன். நாப்பது பொண்ணுங்க தூங்கிகினு வருதுங்க, என்ன நம்பி."

"விளையாட்டுல போய் கண்ண சோதிப்பியா? ஒரு கண்ண மூடிகிட்டுதானே சுடுவாங்க?"

"ஓட்டும்போது ஒரு கண்ண மூடிகினா ஓட்டறேன்? தொறந்துகினுதான் சுடுவேன். தப்புனத எண்ற எடத்துல நீ நில்லு. இல்லாதத எழுத மாட்ட நீ."

அப்படித்தான் எண்ணும் மூவரில் ஒருவனாக நின்றேன். தவறியவை எத்தனையோ அத்தனை விரல் காட்ட வேண்டும். ஒன்றும் தவறவில்லை என்றால் மூடிய கை. இருவர் ஒத்தால் அதுவே முடிவு. தட்டருகே போய்ப் பார்க்கும் வழக்கம் கிடையாது. சந்தேகம் வந்தால் சுட்டவருக்குச் சாதகமாகக் காட்டு என்று பொறியாளர் இரண்டு முறை சொன்னார். என் தொழிலில் சந்தேகம் வந்தால் அந்த வரியை எடுத்துவிடுவோம். இருவர் தனித்தனியே சொன்னால்தான் செய்தி என்று உன் பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லியிருக்கிறேன்; நீயும் கேலி செய்திருக்கிறாய்.

கடைசி ஆள் நீ. மணி அடித்தது. உன் முதல் இரண்டு குண்டுகள் கிளம்பிய நேரம், வாசலில் திரும்பிய கன்டெய்னர் லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். திடுக்கிட்டு வாசல் பக்கம் திரும்பிவிட்டேன். தட்டுகள் அசைந்தனவா, தெரியவில்லை. ஒலித்தனவா, கேட்கவில்லை. அடுத்த மூன்றும் கணீர் கணீர் என்றன. என்னோடு எண்ணிய லைன் சூப்பர்வைசர் அம்மா இரண்டு விரல் காட்டினார். மூன்றாமவரான தொழிற்சாலைக் காவல் அதிகாரி கையை மூடியிருந்தார். நானும் மூடினேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

கொட்டகைக்குள் ஓடிவந்து தலையைத் துவட்டியபடி கேட்டாய்: "ரெண்டும் பட்டுச்சா பா?"

"பட்டுச்சு" என்றேன்.

போட்டி விதி என்னிடம் கேட்டது மூடிய கை மட்டுமே. அந்தச் சொல்லை அது கேட்கவில்லை. நீ சிரித்தாய். உன் ஈரத் தொப்பியைக் கழற்றி என் தலையில் கவிழ்த்துவிட்டு, கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

திங்கட்கிழமை சாவியைக் கொடுத்துவிட்டாய். பஸ்கள் வந்து போகும் நேரம் குறிக்கும் நாற்காலியில் உன்னைப் பார்த்தேன். ஏன் என்று கேட்டதற்கு, "வயசாய்டுச்சு பா, உடு" என்றாய். என்னை நம்பாமல் கொடுத்தாயா? தட்டில் படாதது உனக்கே தெரிந்திருந்ததா? டீக்கடையில் பேசும்போதே முடிவெடுத்திருந்தாயா? கேட்க நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். பங்குனியில் மாரடைப்பு முந்திக்கொண்டது. உன் மனைவியிடம் கண்ணைப் பற்றிக் கேட்டேன். "கண்ணா? ஒண்ணும் சொல்லலியே அண்ணா" என்றார். பிள்ளைப்பாக்கத்து வீட்டில் உன் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

போன வாரம் அந்தக் காவல் அதிகாரியைத் தேடிப் போனேன். இரண்டாவது சாட்சி அவர்தானே. "நீங்க கைய மூடினத பாத்துதான் சார் நானும் மூடினேன். பத்திரிகைக்காரரு, சரியாத்தான் பாத்திருப்பீங்கன்னு" என்றார். அவர் கைதான் முதலில் மூடியது என்று ஒரு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் தெரியவில்லை. அவர் சொல்வது சரியென்றால் இருந்தது ஒரே சாட்சி. அவனும் பார்க்கவில்லை.

நீ ஓட்டாமல் விட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் உண்மையில் இரண்டும் பட்டிருந்தால், என் முகத்தில் தெரிந்த சந்தேகத்தைப் பார்த்துவிட்டு நீ வண்டி ஓட்டுவதையே நிறுத்தினாய் என்றாகும். படவில்லையென்றால், நாற்பது பேர் தூங்கிக்கொண்டு வரும் பஸ்ஸை ஓட்டு என்று நான் சொன்னதாகும். எது நடந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன் என்பதே விளங்கவில்லை. ‘பட்டுச்சு’ என்ற அந்த ஒரு சொல் மட்டும் என்னோடு இருக்கிறது. எழுதிய எந்த வரியையும் இத்தனை முறை திரும்பப் படித்ததில்லை.

இந்த ஆண்டும் போட்டி உண்டாம். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிடங்கைத் திறப்பார்கள். பத்தரைக்குச் சாயம் அடிக்க ஆள் வருகிறார். இடையில் சாக்கைப் பிரித்துப் பார்க்க எனக்கு அரை மணி நேரம் தருவதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார்.