க்ளாஸ் தண்ணீர்

பில்லாரின், பிப்ரவரி 3

ராபினுக்கு,

போனில் பேசினால் நாளைக்கு மாற்றிச் சொல்வாய். அதனால் எழுதுகிறேன். பக்கத்து விமானத்தளத்துக்காரர்கள் தீயணைப்பு நுரையைக் கொட்டிக் கொட்டி நம் போர்க் கிணற்றுத் தண்ணீரை நஞ்சாக்கினார்கள். மின்சாரம் பாய்ச்சி அதை உடைக்கிறேன் என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாய். அதில் சுத்தமாகி வந்த தண்ணீரை என் இறால் குளத்தில் விட்டேன். இரண்டே நாளில் இறால் அத்தனையும் கரையேறிச் செத்துக் கிடக்கின்றன. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று க்ளைவ் கேட்கிறான், "என்னப்பா, உன் தங்கச்சி விஷத்த எடுத்தாளா, போட்டாளா?"

வந்து பெட்டியை எடுத்துப் போ.

கெல்வின்

பெர்த், பிப்ரவரி 7

அண்ணனுக்கு,

தொடாதே என்று பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தேனே, கண் அவிந்தா போயிற்று? ஜனவரி 29 காலை மின்னோட்டம் இரண்டு மடங்கானது இங்கே பதிவாகியிருக்கிறது. தொட்டியில் உப்பைக் கொட்டினாய். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் குளோரின் வரும். இறாலைக் கொன்றது நீ.

ராபின்

பில்லாரின், பிப்ரவரி 11

ராபினுக்கு,

ஆமாம், கொட்டினேன். ஆடு நக்கும் உப்பு, அரை மூட்டை. "உப்பு இருந்தா கரண்ட் நல்லா ஓடும்"னு ஊர்க் கூட்டத்தில் சொன்னது யார்? நுரை நஞ்சு ஏறிய பண்ணை ஆடு என்று ஒருவனும் வாங்குவதில்லை, தண்ணீர் சீக்கிரம் சுத்தமாக வேண்டும் என்று எனக்கு அவசரம். சரி, தப்பு என்னுடையது.

இதற்குப் பதில் சொல். நம் போர் தண்ணீரே உப்புதானே? அப்படியானால் டிசம்பரில் இந்தப் பெட்டியில் சுத்தம் செய்தது என்று ஊர் முன்னால் நீ நீட்டிய க்ளாஸில் என்ன இருந்தது? முதலில் குடித்தவன் நான். என்னைப் பார்த்து நாற்பது பேர் குடித்தார்கள்.

கெல்வின்

பெர்த், பிப்ரவரி 17

அண்ணா,

டிசம்பர் தண்ணீரில் நுரை நஞ்சு இல்லை. நான் அதை மட்டும்தான் தேடினேன். எடுத்து வைத்திருந்த தண்ணீரை இப்போது மறுபடி சோதித்தேன். உப்பிலிருந்து உண்டான வேறொரு நஞ்சு, தைராய்டைக் கெடுப்பது, அனுமதித்த அளவைப் போல ஆறு மடங்கு இருக்கிறது. ஒரு க்ளாஸ் ஒன்றும் செய்யாது. ஆனால் தினமும் குடிக்கச் சொல்ல இருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

நுரை நஞ்சை முதலில் வடிகட்டிப் பிடித்து, உப்பில்லாத நீரில் கழுவி எடுத்து, அதன் பிறகே மின்சாரம் பாய்ச்ச வேண்டும். முடியும், இரண்டு வருடமாகும். கூட்டத்தைக் கூட்டு. என் வாயாலேயே சொல்கிறேன்.

ராபின்

பில்லாரின், பிப்ரவரி 21

ராபினுக்கு,

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். உனக்குப் பரிந்து பேச மாட்டேன். எல்லோரும் கத்துவார்கள், நானும் கத்துவேன், நின்று கேட்டுக்கொள். பிறகு போய் அந்த இரண்டு வருட வேலையைச் செய். நஞ்சு இன்னும் கிணற்றில்தான் இருக்கிறது.

ஒரு க்ளாஸ் ஒன்றும் செய்யாது என்கிறாய். டிசம்பரிலும் இதையேதான் சொன்னாய். திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனைக்கு நான் முதல் ஆளாகப் போகிறேன், இல்லாவிட்டால் மற்றவர்கள் வரமாட்டார்கள். முடிவு எதுவானாலும் உனக்கு எழுத மாட்டேன். ஊராரைக் கேட்டுத் தெரிந்துகொள்.

கெல்வின்