முப்பத்துநாலரை

ஸ்ஃபாக்ஸ்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மொந்தருக்கு, உங்கள் ராவ்தாவின் ஸலாம்.

முதலில் எங்காவது உட்காருங்கள். நமக்குப் பெண் பிறந்திருக்கிறாள்! ஆறு வாரம் முந்திக்கொண்டாள். உள்ளங்கை அகலம்தான் முதுகு; அழுகையோ நீங்கள் இருக்கும் எண்ணெய்க் கிணற்று மேடைவரை கேட்டிருக்கும். நான் நலம். உங்கள் உம்மா எள்ளும் தேனும் குழைத்து ஊட்டியே என்னைத் திணறடிக்கிறார்.

நேற்று நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குழந்தையின் இன்குபேட்டர் பழுதாகிவிட்டது. மாற்றாக வந்ததோ பழைய பெட்டி, சில்லென்று இருபத்தைந்து டிகிரியில். முப்பத்தைந்து வேண்டும். நர்ஸ் பெஸ்மா, குழந்தையை என் மார்போடு அணைத்துக் கம்பளி போர்த்திவிட்டு, பெட்டியின் வெப்பத் திருகை முப்பத்தைந்துக்கான கோட்டில் வைத்தாள்.

பத்து நிமிடத்தில் வெப்பமானி முள் முப்பத்தொன்றைத் தாண்டியது. எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த பத்தில் முப்பத்துமூன்றரைதான். உம்மா பதறிவிட்டார். "மெஷின் படுத்துடுச்சுடி! இன்னும் நல்லா திருகிவிடு, பிள்ளை விறைச்சிடப் போவுது!" பெஸ்மாவின் கையும் திருகுக்குப் போய்விட்டது.

"தொடாதே பெஸ்மா!" என்று கத்தினேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு எத்தனை முறை கரும்பலகையில் வரைந்து காட்டிய வளைவு அது! இலக்கு தூரத்தில் இருந்தால் வேகம். நெருங்க நெருங்க நிதானம். ஒவ்வொரு பத்து நிமிடத்திலும் மீதி இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கடக்கிறது. அவசரப்பட்டுத் திருகைக் கூட்டினால் முப்பத்தைந்தில் நிற்காது, உள்ளே வைத்ததும் குழந்தை வெந்துவிடும். "இன்னும் பத்து நிமிஷத்துல முப்பத்துநாலரை காட்டும், பாருங்க" என்றேன். "பெத்த மறுநாளே பாடம் எடுக்கிறா பாரு!" என்று முணுமுணுத்தார் உம்மா. டாக்டர் மட்டும் காத்திருக்கலாம் என்றார்.

மொந்தர், அந்தப் பத்து நிமிடம் என் நெஞ்சில் படபடத்தது அவள் இதயமா என்னுடையதா என்று தெரியவில்லை. முள் ஊர்ந்தது. முப்பத்துநாலரை! உம்மா குலவையிட்டதில் பக்கத்து வார்டே ஓடிவந்தது. இன்று அவள் பால் குடித்தாள், ஏப்பமும் விட்டாள்.

போன தடவை பெயரை முன்னதாகவே வைத்துவிட்டோம்; கடைசியில் பெயர் மட்டும்தான் மிஞ்சியது. இந்த முறை உம்மா கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தேன். இன்று காலைதான் பயம் விட்டது. அல்லாஹ் உங்களைக் கடலில் காப்பானாக. அடுத்த படகில் நீங்கள் வர முடியாவிட்டாலும், அவளை நான் கூப்பிட ஒரு பெயர் அனுப்பிவையுங்கள்.

உங்கள்
ராவ்தா