நடு மைக்கில் யாரும் இல்லை

கல்கூர்லி, புதன்

அன்பு லியான்,

டேமியன் எங்கள் இசைக்குழுவிலிருந்து விலகிவிட்டான். மேலாளர் பெவர்லி இன்று காலை தொலைபேசியில் உறுதிசெய்தாள். பதினோரு வருடம், நான்கு ஆல்பம் பாடியவன். நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா?

நேற்று மதுக்கூடத்தில் அவனுக்குப் பதிலாக நானே பாடினேன். பழக்கத்தில் பேஸ் கிட்டாரோடு மேடையில் என் ஓரத்திலேயே நின்றுவிட்டேன்; அவனுடைய நடு மைக் காலியாக இருந்தது. "யோவ், நடுவுல என்ன பேயா பாடுது?" என்றார் ஒரு சுரங்கத் தொழிலாளி. கேட்டுக்கொண்டிருந்த ஒன்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கடைசிப் பாட்டுவரை நகரவில்லை.

கம்பளிக் காலுறை அனுப்பு. நம் வீட்டுத் தொலைபேசியில் பதிந்துவைத்த உன் குரலை மாற்றாதே. நீ வேலைக்குப் போனபின் அழைத்து, பேசாமல் வைப்பது நான்தான்.

வேன் கிளம்புகிறது. மீதி மூவரும் தொடர்வோமா என்பது வெள்ளிக்கிழமை பெர்த்தில் முடிவாகும். அன்று நீ வீட்டில் இருக்கும்போது அழைக்கிறேன்.

உன்
காரெத்